பொதுப் பாடத்திட்டம் வேண்டும், ஆனால் டெல்லியில் இருந்து வேண்டாம்

நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம் வந்தால்தான் ஏழைப் பிள்ளைக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கல்வி கிடைக்கும் என்று நண்பர்கள் பலர் எழுதுகிறார்கள். அந்த அக்கறை எனக்கும் உண்டு. அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மாநிலத்துக்குள் எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் கட்டாயம் வேண்டும். நாடு முழுவதற்கும் ஒன்று கூடாது.

தமிழ்நாட்டில் 2010 வரை மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு பாடத்திட்டங்கள் இருந்தன. பத்தாம் வகுப்பு வரை புத்தகம் வேறு, கேள்வித்தாள் வேறு. ஆனால் பிளஸ் ஒன் வந்ததும் நான்கு பேருக்கும் ஒரே பாடம். மெட்ரிக்கில் படித்துவிட்டு வந்த பையனும், கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து வந்த பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டால் அவன் கை தூக்குவான். அவள் எழுந்து, "சார், இது எங்க புக்குல வரவே இல்ல" என்பாள். அந்தப் பெண்ணின் அறிவில் ஒரு குறையும் கிடையாது. பத்து வருஷம் அவளுக்கு ஒரு புத்தகம், அவனுக்கு ஒரு புத்தகம் என்று பிரித்துக் கொடுத்தது நாம்தான். அதனால்தான் பொதுப் பாடத்திட்டத்தைப் பரிந்துரைத்த முத்துக்குமரன் குழு அறிக்கையையும், நான்குக்கும் பதில் ஒரே பாடத்திட்டம் கொண்டுவர 2010இல் வந்த சமச்சீர் கல்விச் சட்டத்தையும் மனதார வரவேற்றேன்.

மறு வருஷமே ஆட்சி மாறியது. 2011 ஜூனில் சமச்சீரை நிறுத்தி வைக்கச் சட்டத்திருத்தம் வந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகஸ்ட் 9ஆம் தேதி, பத்து நாளுக்குள் நடைமுறைப்படுத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவரை பொதுத்தேர்வு எழுத வேண்டிய பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. ஒரு மாநிலத்தில், ஒரே ஒரு ஆட்சி மாற்றத்துக்கே இந்தப் பாடு.

இதையே நாடு முழுவதற்கும் யோசித்துப் பாருங்கள். 2023இல், மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருந்து பரிணாமப் பாடத்தை எடுத்தது. பிளஸ் டூ உயிரியலில் இருக்கிறதே என்று பதில் சொன்னார்கள். சரி, பத்தாவதுக்கு அப்புறம் காமர்ஸ் எடுக்கிற பிள்ளை எங்கே படிக்கும்? ஐடிஐ போகிற பிள்ளை? நம் பத்தாம் வகுப்பு அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்ற பாடம் அப்படியே இருந்தது, ஏனென்றால் நம் புத்தகத்தை நாம் எழுதுகிறோம். கேரளத்தில் அதே வருஷம், மேல்நிலை வகுப்புகளின் புத்தகங்களில் என்சிஇஆர்டி வெட்டிய பகுதிகளைத் துணைப் புத்தகமாகவே அச்சிட்டுக் கொடுத்தார்கள். கட்டாய தேசியப் பாடத்திட்டம் என்று ஒன்று இருந்திருந்தால் இரண்டுமே நடந்திருக்காது. 1976இல் அவசர நிலைக் காலத்தில் மாநிலப் பட்டியலில் இருந்து, மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போன கல்வியைத் திருப்பித் தாருங்கள் என்று நாம் கேட்பது இதற்காகத்தான்.

ஆனால் நம் வீட்டு ஓட்டையையும் பேச வேண்டும். சமச்சீர் வந்ததும் பல மெட்ரிக் பள்ளிகள் சிபிஎஸ்இ பலகையை மாட்டிக்கொண்டன. அந்தப் பிள்ளைகளுக்கு மறுபடியும் வேறு புத்தகம். இன்னொரு பக்கம், பிராய்லர் பள்ளி என்று மக்களே பெயர் வைத்த இடங்களில் பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொடாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருட்டினார்கள். அப்படிப் படித்தவர்களை எனக்குத் தெரியும். மின்புலத்தில் ஒரு மின்துகள் எப்படி வளையும் என்ற பிளஸ் டூ கணக்கை மனப்பாடமாக எழுதுவார்கள். சாய்தளத்தில் ஒரு கட்டையை வைத்து, அதன் மேல் என்னென்ன விசை எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடச் சொன்னால் பேனா நகராது. அது பிளஸ் ஒன் பாடம். அங்கே விசையைப் பிரிக்கத் தெரியாதவனுக்கு மின்புலக் கணக்கு வெறும் எழுத்துக் கூட்டம்தான். நீட்டிலும் ஜேஇஇயிலும் பிளஸ் ஒன் கேள்விகள் வரும்போது இந்தப் பிள்ளைகள் திணறினார்கள்.

2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வைத்தபோது அந்தப் பழக்கத்துக்கு ஒரு கடிவாளம் விழுந்தது. இப்போது மாநிலக் கல்விக் கொள்கைப்படி 2025-26 முதல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பதின்ம வயதில் அடுத்தடுத்து மூன்று வருஷம் பொதுத்தேர்வு என்பது பெரிய சுமை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வு போனதும் பாடமும் போய்விடக் கூடாது.

உங்கள் பிள்ளை பிளஸ் ஒன் படித்தால், அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பில் எந்தப் புத்தகம் ஓடுகிறது என்று கேளுங்கள். பிளஸ் டூ புத்தகம் என்றால் பள்ளிக்கே போய் ஏன் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.