முதல் நாள் குத்திய முத்திரை

ஆறாம் வகுப்பில் முதல் நாளே தாமதமாகப் போனேன். அன்றைக்கு ஒட்டிய "சோம்பேறி" பட்டம் வருஷம் முழுக்கப் போகவில்லை. கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியபோதும் "யாரைப் பார்த்து எழுதினே?" என்றுதான் டீச்சர் கேட்டார். விடைத்தாளைக் கையில் பிடித்தபடி பதில் வராமல் நின்றது இன்னும் ஆறவில்லை.

வேலையிலும் அதே கதைதான். சேர்ந்த வாரம் மீட்டிங்கில் நான் வாயைத் திறக்கவில்லை. விஷயம் புரியட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "இவருக்குப் பொறுப்பெல்லாம் சரிப்படாது" என்று முடிவு கட்டிவிட்டார்கள். கூடச் சேர்ந்தவர் கலகலவென்று பேசினார். அவர் ரிப்போர்ட்டில் தப்பு வந்தால் "பாவம், வேலை ஜாஸ்தி". எனக்கு வந்தால் "அப்பவே நினைச்சேன்".

1920-லேயே எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் இதை எழுதிவைத்துவிட்டார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களை மதிப்பிட்டபோது, உடற்கட்டில் உயர்வாகப் போட்டவருக்கு அறிவிலும் தலைமைப் பண்பிலும்கூட உயர்வாகவே போட்டார்களாம். நூறு வருஷம் தாண்டியும் என்ன மாறியது? போன வாரம் புதிதாக வந்த பெண்ணைப் பற்றி மதியத்துக்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு இன்னும் லாகின்கூட வரவில்லை. எனக்கு மனசே கேட்கவில்லை.