மசில் கார் ஹெச்பி: 425ம் பொய் இல்லை, 500ம் நிஜம் இல்லை

பழைய அமெரிக்க மசில் கார்களின் (பெரிய இன்ஜின் போட்ட 1960, 70களின் வேகக் கார்கள்) ஹெச்பி, அதாவது குதிரைத்திறன் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சி, "426 ஹெமிக்கு 425 ஹெச்பின்னு கம்பெனி சும்மா போட்டுது, நிஜத்துல 500க்கு மேல" என்று சத்தியம் பண்ணும் (ஹெமி கிறைஸ்லரின் இன்ஜின்; 426 அதன் கன அங்குல அளவு). இன்னொரு கட்சி, "அந்தக் காலத்துக் கணக்கே டுபாக்கூர், இன்னைக்கு ரோட்டுல ஓடுற ஒரு டொயோட்டா வி6 கேம்ரி இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுடும்" என்று சிரிக்கும். டெட்ராய்ட் பக்கம் குடியிருப்பதால் இந்தச் சண்டையை கார் ஷோக்களில் ஆங்கிலத்திலும், வாட்ஸப் குரூப்பில் தமிழிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எதை மாட்டி அளந்தார்கள், எத்தனை ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது) அளந்தார்கள் என்று மட்டும் இரண்டு பேருமே கேட்பதில்லை.

முதலில் எதை மாட்டி அளந்தார்கள் என்று பார்ப்போம். 1971 வரை விளம்பரத்தில் போட்டதெல்லாம் கிராஸ் ஹெச்பி. இன்ஜினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, ஏர் கிளீனர் இல்லாமல், ஃபேன் இல்லாமல், பவர் ஸ்டியரிங் பம்ப் இல்லாமல், சைலன்சருக்குப் பதில் புகை தாராளமாக வெளியேறும் குழாய் போட்டு, இக்னிஷன் டைமிங்கை எங்கே வைத்தால் அதிகம் வருமோ அங்கே வைத்து அளப்பார்கள். 1972 மாடல் வருடத்திலிருந்து நெட் ஹெச்பி வந்தது. கார் ரோட்டில் ஓடும்போது இன்ஜினில் என்னென்ன தொங்குமோ அத்தனையும் மாட்டி அளப்பது. ஐடி கம்பெனி ஆஃபர் லெட்டரில் சிடிசி ஒன்று இருக்கும், மாசக் கடைசியில் கையில் வருவது வேறாக இருக்கும். இதுவும் அந்தக் கதைதான்.

எவ்வளவு வித்தியாசம் என்று ஊகிக்க வேண்டியதில்லை, ஜிஎம்மே 1971இல் இரண்டு எண்ணையும் சேர்த்து வெளியிட்டது. ஜிஎம்மின் ஷெவர்லே பிராண்ட் ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட்டின் சாதாரண 350 இன்ஜின் கிராஸில் 270, நெட்டில் 210. எல்டி-1 என்ற இன்ஜின் கிராஸில் 330, நெட்டில் 275. எல்எஸ்6 454 கிராஸில் 425, நெட்டில் 325. முழுசாக நூறு குதிரை காணோம்! அதே வருடம் ஹெமிக்கு கிறைஸ்லர் கொடுத்த நெட் 350.

"1972இல் புகைக் கட்டுப்பாடு வந்து மசில் காரைக் கொன்றுவிட்டது" என்று ஒரு பழைய புலம்பல் உண்டு. மேலே சொன்ன 270 கார்வெட் 1972இல் 200 ஆனது. அடேயப்பா, 70 குதிரை போச்சு என்று தோன்றும். நெட்டுக்கு நெட் பார்த்தால் 210இலிருந்து 200, அவ்வளவுதான். உண்மையான அடி அதற்கு முந்தின வருடமே விழுந்தது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்குத் தோதாக 1971இல் ஜிஎம் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டரில் கலவையை அமுக்கும் விகிதத்தை, குறைத்தது. எல்டி-1 இன்ஜின் 11:1இலிருந்து 9:1க்கு இறங்கியது, 370ஆக இருந்த கிராஸ் எண் 330 ஆனது. 1972இல் விழுந்ததில் பெரும்பகுதி பேப்பரில் மட்டும் விழுந்தது.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இதில்தான் அந்தக் காலத்து டெட்ராய்ட் ஆட்களின் சாமர்த்தியம் தெரியும். ஹெச்பி என்பது டார்க்கை (இன்ஜின் தண்டைத் திருகும் விசையை, பவுண்டு-அடியில்) ஆர்பிஎம்மால் பெருக்கி 5252ஆல் வகுத்தால் வருவது. கார்வெட்டின் எல்88 427 இன்ஜினுக்குக் கொடுத்த எண் 430 ஹெச்பி, 5,200 ஆர்பிஎம்மில். திருப்பிக் கணக்குப் போட்டால் அந்த இடத்தில் டார்க் 434 பவுண்டு-அடி வருகிறது. எல்88இன் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மேல் ஆர்பிஎம்மில் மூச்சு விடுவதற்கென்றே செய்தது. அதே டார்க் 6,000 வரை தாக்குப் பிடித்தாலே 496 ஹெச்பி ஆகிவிடும். அதாவது 430 பொய் இல்லை. மீட்டர் ஏறிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி எழுதிக்கொண்ட எண். ஹெமிக்கு 5,000இல் 425, கமாரோ ஸீ/28இன் 302க்கு 5,800இல் 290, எல்லாம் இதே வித்தைதான். அந்தக் குட்டி 302 உயிர் பெறுவதே 5,800 தாண்டித்தான்.

எதற்காக இப்படிக் குறைத்துச் சொல்ல வேண்டும்? ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருந்தது. எல்88ஐவிட மட்டமான இன்னொரு கார்வெட் இன்ஜின் எல்71க்கு ஷெவர்லே 435 போட்டது, எல்88க்கு 430. ஷோரூமுக்கு வரும் பணக்காரப் பையன் எண்ணைப் பார்த்து எல்71ஐ எடுத்துக்கொண்டு போகட்டும், எல்88 ரேஸ்காரனுக்கு மட்டும் போகட்டும் என்பது கணக்கு. 1967 எல்88இல் ஹீட்டர்கூடக் கிடையாது. 103 ஆக்டேனுக்குக் குறைந்த பெட்ரோல் போடாதே என்று உள்ளேயே ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். அந்த வருடம் விற்றது 20 கார்தான்.

ஜிஎம்முக்குள் இன்னொரு சட்டம் இருந்தது. கார்வெட் தவிர மற்ற கார்களில் பத்து பவுண்டு எடைக்கு ஒரு ஹெச்பிக்கு மேல் போகக் கூடாது. அதனால்தான் 1969இல் ஜிஎம்மின் பான்டியாக் பிராண்ட் ராம் ஏர் IV இன்ஜின் ஜிடிஓவில் உட்கார்ந்தால் 370, எடை குறைந்த ஃபயர்பேர்டில் உட்கார்ந்தால் 345! ஃபயர்பேர்ட் 400இல் இதற்காகச் செய்த வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். கார்புரேட்டர் முழுசாகத் திறக்காமல் தடுக்க லிங்கேஜில் ஒரு சின்னத் தகட்டு நாக்கு வைத்தார்கள். விவரம் தெரிந்தவன் அதை வளைத்துவிட்டால் கதை முடிந்தது.

மற்ற கம்பெனிகளும் சளைத்தவை இல்லை. டிராக் ரேஸ் அமைப்பான என்ஹெச்ஆர்ஏ, காரின் எடையை கம்பெனி சொன்ன ஹெச்பியால் வகுத்துத்தான் கிளாஸ் பிரிக்கும். ஹெச்பி குறைவாகச் சொன்னால் லேசான எதிரிகளோடு மோதலாம். ஃபோர்டின் 428 கோப்ரா ஜெட் 335 என்ற சாதுவான எண்ணோடு 1968 பிப்ரவரியில் பொமோனா வின்டர்நேஷனல்ஸ் டிராக் ரேஸில் இறங்கி வெளுத்து வாங்கியது. என்ஹெச்ஆர்ஏ ஆட்கள் ஏமாளிகளா என்ன, கம்பெனி எண்ணைத் தள்ளிவிட்டுத் தாங்களே ஒரு எண் போட ஆரம்பித்தார்கள். போதாததற்கு இன்ஷூரன்ஸ்காரர்கள் வேறு ஹெச்பியைப் பார்த்து பிரீமியம் ஏற்றிக்கொண்டிருந்த காலம்.

இங்கேதான் முதல் கட்சி வழுக்கி விழுகிறது. "குறைத்துச் சொன்னார்கள்" என்பது சரி. ஆனால் குறைத்துச் சொன்னதும் கிராஸ் எண்ணில்தான். ஹெமி கிராஸில் 470, 480 காட்டும் என்று வைத்துக்கொண்டாலும், அதைக் கொண்டுவந்து இன்றைய காரின் நெட் எண் பக்கத்தில் வைப்பது அழுகுணி ஆட்டம். யூடியூபில் "ஃபேக்டரி ஸ்டாக் ஹெமி டைனோ டெஸ்ட்" (மெஷினில் மாட்டி இன்ஜின் சக்தியை அளக்கும் சோதனை) பார்த்துவிட்டு வருபவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன். சிலிண்டர் போர் பண்ணிப் புதுசாகக் கட்டி, ஹெடர் (புகை தாராளமாக வெளியேறும் குழாய்) மாட்டி, எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் வைத்த இன்ஜின் எந்த ஃபேக்டரியிலிருந்து வந்தது?

உட்வர்ட் அவென்யூவில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் ட்ரீம் க்ரூஸில் ஒரு பெரியவர் 1970 ஷெவர்லே ஷெவல் எல்எஸ்6 காரின் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். ஏர் கிளீனர் மூடியில் 454, 450 ஹார்ஸ்பவர் என்று ஸ்டிக்கர். கூட்டம் மொத்தமும் அந்த ஸ்டிக்கரைத்தான் போட்டோ எடுத்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த 450ஐ அளந்த முறையில் ஏர் கிளீனருக்கே இடம் கிடையாது! கீழே குனிந்து பார்த்தால் ஃபேன், பெல்ட், கனமான வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்று குதிரைகளைத் தின்னும் சாமான் அத்தனையும் இருந்தது.

சரி, உண்மை எண்ணை எப்படித்தான் கண்டுபிடிப்பது? டிராக்கில்தான். குவார்ட்டர் மைல் (கால் மைல்) ஓட்டத்தின் முடிவில் கார் மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் போகிறது என்பதை 234ஆல் வகுத்து, வரும் எண்ணின் கனத்தை (எண் × எண் × எண்) எடுத்து, ஆளோடு சேர்த்துக் காரின் எடையால் (பவுண்டில்) பெருக்கினால் கிட்டத்தட்ட நெட் ஹெச்பி வந்துவிடும். கிளம்பும்போது டயர் வழுக்கினால் நேரம்தான் கெடும், கடைசி வேகம் பெரிதாக மாறாது. எல்எஸ்6 ஷெவல் அந்தக் காலப் பத்திரிகைச் சோதனைகளில் நன்றாக ஓடியபோது 107, 108 மைல் காட்டியது. 4,000 பவுண்டு என்று வைத்தால் 390 சொச்சம். நிஜமாகவே 450 நெட் இருந்திருந்தால் 113 தொட்டிருக்க வேண்டும்.

இதே கணக்கை வைத்துத் திருடனையும் பிடிக்கலாம். 1964இல் கார் அண்ட் டிரைவர் பத்திரிகைக்கு பான்டியாக் கொடுத்த ஜிடிஓ, குவார்ட்டர் மைலை 13.1 விநாடியில், 115 மைல் வேகத்தில் கடந்ததாகப் போட்டார்கள். 3,600 பவுண்டு என்று வைத்தாலே 420க்கு மேல் வருகிறது. அந்த 389 இன்ஜினுக்கு கம்பெனி சொன்னது 348, அதுவும் கிராஸில். பல வருடம் கழித்து பான்டியாக் விளம்பர வேலை பார்த்த ஜிம் வேங்கர்ஸே ஒப்புக்கொண்டார், உள்ளே வைத்திருந்தது 421 இன்ஜின் என்று. பத்திரிகைச் சோதனை எண்களையும் அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

கேம்ரி கட்சிக்கு ஒரு வார்த்தை. 2024 மாடல் வரை வந்த உங்கள் வி6க்கு 301, நெட். சாதாரண 350 கார்வெட்டை அது நிச்சயம் அடிக்கும். ஹெமியின் 350ஐ அடிக்காது. அவ்வளவு தூரம் போவானேன், 2006இல் கேம்ரி வி6 எண்ணே 210இலிருந்து 190க்கு இறங்கியது தெரியுமா? இன்ஜின் மாறவில்லை, எஸ்ஏஇ (வாகன இன்ஜினியர்கள் சங்கம்) அளவு விதிகளை இறுக்கியதும் எண் இளைத்துவிட்டது. ஃபோர்டு 1999 மஸ்டாங் கோப்ராவுக்கு 320 என்று சொல்லிவிட்டு, அது வராமல் கார்களைத் திரும்பக் கூப்பிட்டுச் சரிசெய்து கொடுத்தது.

எல்லாவற்றிலும் அடக்கி வாசித்தது எது என்று கேட்டால் பலரும் எல்88 என்பார்கள். ரேஸ் இன்ஜினை நான் இந்தப் போட்டியில் சேர்ப்பதில்லை. ரோட்டில் ஓடிய காரில் என் ஓட்டு 1970 ப்யூக் 455 ஸ்டேஜ் 1க்கு. பேப்பரில் 360, சாதா 455ஐவிடப் பத்தே பத்து அதிகம். டார்க் மட்டும் 2,800 ஆர்பிஎம்மிலேயே 510. பத்திரிகைச் சோதனையில் 105 மைல் தாண்டியது, ஏறக்குறைய அந்த ஷெவல் எடைதான். கணக்குப் போட்டால் 360 சொச்சம். அதாவது கிராஸாகச் சொன்ன எண்ணை இந்த கார் நெட்டாகவே கொடுத்திருக்கிறது! 450 ஸ்டிக்கர் ஒட்டிய ஷெவலுக்கும் இதற்கும் பேப்பரில் 90 குதிரை வித்தியாசம், ரோட்டில் முப்பதுகூடத் தேறாது.

மறுக்கிறவர்கள் கமென்ட்டில் டைம் ஸ்லிப் (டிராக்கில் தரும் நேரம், வேகச் சீட்டு) போடுங்கள், எடையையும் சேர்த்து. டைனோ ஷீட் வேண்டாம்.