'தவிர்' கொடுத்த பிறகு என்ன நடந்தது?

மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தத்தில் எடுத்த படங்களைக் கமரா கார்டிலிருந்து கணினிக்கு நகர்த்தினேன். அதே பெயரில் கோப்பு ஏற்கனவே இருக்கிறது, என்ன செய்ய என்று கணினி ஒரு பெட்டி காட்டிக் கேட்டது. சரி, ஒரே படம் இரண்டு தரம் எதற்கு என்று 'தவிர்' (Skip) கொடுத்தேன். வேலை முடிந்தது என்று பெட்டி மூடிக்கொண்டது. கார்டைத் திறந்தால் 47 படங்கள் அப்படியே கிடக்கின்றன!

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 0012 என்ற பெயரில் கணினியில் இருந்தது போன வருடத்துக் கல்லடிப் பாலம். கார்டில் இருப்பதோ அம்மம்மா குளக்கரையில் ஈரச் சேலையோடு கைகூப்பி நிற்கும் படம். கமரா 9999 தாண்டினால் திரும்பவும் 0001 இலிருந்துதான் எண்ணும். பெயர் ஒன்றானால் படமும் ஒன்றாகிவிடுமா? உள்ளே இருப்பதை ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லக் கணினிக்கு என்ன கஷ்டம்? எவை நகரவில்லை என்று கடைசியில் ஒரு பட்டியலாவது காட்ட வேண்டாமா? கார்டை அழித்திருந்தால் அம்மம்மாவின் அந்தப் படம் போயே போயிருக்கும்.