தொலைத்தது நீங்கள், தேட வேண்டியது நாங்களா?

ராணுவத்தில் ஒவ்வொருவரின் பணிப் பதிவையும் வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசிலிருந்து எங்கள் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. 1971 போரில் கிழக்குப் போர்முனையில் இருந்தவர்களுக்கான பூர்வி ஸ்டார் பதக்கம் அப்பாவுக்கு வழங்கப்பட்டதாக அவர்களுடைய ஆவணங்களில் பதிவு எதுவும் இல்லையாம். பதக்கம் அறிவிக்கப்பட்ட பார்ட் டூ ஆர்டரின், அதாவது யூனிட் எழுதி அனுப்பும் பணிப் பதிவு உத்தரவின், எண்ணையும் தேதியையும் நாங்கள் அனுப்பி வைத்தால் பரிசீலிப்பார்களாம். கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை.

பதிவு இல்லை என்று கண்டுபிடிக்கவா இத்தனை மாதம்? பதிவு இல்லை என்றுதானே நாங்களே எழுதினோம்! மனுவின் முதல் வரியே அதுதான். விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டோம். விட்டுப்போயிருக்கிறது, அதனால் சேர்க்க முடியாது என்று பதில் எழுதுகிறார்கள். மனுவைப் படித்தவர்கள் எழுதுகிற பதிலா இது?

வீட்டில் டிஸ்சார்ஜ் புக், அதாவது பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது கொடுக்கும் பணி விவரப் புத்தகம், வைத்திருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்க்காரர்களுக்குச் சுத்தமாக வேண்டாம். ஒருவருக்கு மனைவியின் பிறந்த தேதி தப்பு, இன்னொருவருக்கு அப்பா பெயரில் ஓர் எழுத்து தப்பு, எங்கள் வீட்டில் ஒரு பதக்கமே காணோம். தப்பைச் செய்தவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். தப்பைத் திருத்தச் சொல்லிக் கெஞ்சுகிறவர்கள் மட்டும் வரிசையில் நிற்கிறோம்.

பார்ட் டூ ஆர்டர் எண்ணைக் கேட்கிறார்களே, அது யாரிடம் இருக்கும்? யூனிட் ஆபீசில் கிளார்க் தட்டச்சு செய்வார், அதிகாரி கையெழுத்திடுவார், அது ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும், அங்கே ஷீட் ரோல் என்கிற அவரவர் பணிப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். லீவு, பிரமோஷன், கல்யாணம், குழந்தை, பதக்கம் எல்லாம் ஏறுவது இப்படித்தான். ஜவான் கைக்கு வந்து, டிரங்குப் பெட்டியில் வைத்து, ஊருக்கு எடுத்து வருகிற காகிதம் இல்லை அது. எழுதியது ஒரு ராணுவ ஆபீஸ், வாங்கி வைத்தது இன்னொரு ராணுவ ஆபீஸ். எண்ணை மட்டும் எழுபத்தைந்து வயதைக் கடந்த டிரைவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டுமா?

ஆமாம், அப்பா லாரி டிரைவர். 1967-இல் சேர்ந்து 1984-இல் ஹவில்தாராக வெளியே வந்தவர். 1971-இல் பாகிஸ்தானோடு சண்டை தொடங்கியபோது அவருடைய சொந்த யூனிட் அமைதியான ஓர் ஊரில் இருந்தது, அவரை மட்டும் வேறொரு யூனிட்டுக்கு அட்டாச்மென்டில், அதாவது தற்காலிகமாக, கிழக்கே அனுப்பியிருந்தார்கள். சிக்கல் முழுவதும் இந்த அட்டாச்மென்டில்தான். திரிபுராவின் அகர்தலாவிலிருந்து எல்லை தாண்டி, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் அகௌரா வழியாகக் குண்டும் ரேஷனும் ஏற்றிக்கொண்டு போனவர் அவர். ஆஷுகஞ்சில் மேக்னா ஆற்றுப் பாலத்தைப் பாகிஸ்தான் படை டிசம்பர் 9 அன்று தகர்த்ததும் வண்டிகள் இக்கரையிலேயே நின்றுவிட்டன. ஆட்களை ஹெலிகாப்டரில் தூக்கி அக்கரையில் இறக்கினார்கள், ஊர் ஜனங்கள் நாட்டுப் படகு கொண்டுவந்து சாமான்களை ஏற்றிக்கொண்டார்கள். இதையெல்லாம் அப்பா எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்தக் கரையில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்.

அந்தப் போருக்குப் பிறகு சங்க்ராம் மெடல் என்று ஒன்று கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் பணியில் இருந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அதற்கு உரியவர்கள். அது அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கிறது. சுதந்திரத்தின் 25-ஆவது ஆண்டுப் பதக்கம், 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு. அதுவும் இருக்கிறது. 9 ஆண்டு நீண்டகாலப் பணிப் பதக்கம், இருக்கிறது. பூர்வி ஸ்டார் மட்டும் கிழக்குப் போர்முனையில் இருந்தவர்களுக்கு உரியது. அதற்கு ஆள் எங்கே இருந்தார் என்று யாராவது எழுதியிருக்க வேண்டும். அட்டாச்மென்டில் வைத்திருந்த யூனிட் எழுதுவார்கள் என்று சொந்த யூனிட் நினைத்தது. சொந்த யூனிட் எழுதும் என்று அட்டாச்மென்டில் வைத்திருந்தவர்கள் நினைத்தார்கள். இரண்டு பேரும் எழுதவில்லை. எங்களுக்குத் தெரிந்தவரை நடந்தது இவ்வளவுதான். இதற்கு அப்பா எந்த விதத்தில் பொறுப்பு?

சரி, கடிதத்தில் போன் நம்பர் இருந்தது, பேசினால் தீரும் என்று நம்பிப் பேசினேன்.

"சர்வீஸ் நம்பர் சொல்லுங்கள்." சொன்னேன். "பெயர்?" சொன்னேன். "உங்களுக்கு என்ன உறவு?" மகள் என்றேன். "லெட்டரில் என்ன போட்டிருக்கிறது?" படித்துக் காட்டினேன்.

"அதில் போட்டிருக்கிறபடி அனுப்புங்கள் மேடம்."

"அந்த ஆர்டர் உங்களிடம்தானே சார் இருக்கும்?"

"எங்களிடம் இல்லை என்றுதானே எழுதியிருக்கிறோம்."

"உங்களிடம் இல்லாதது எங்களிடம் எப்படி இருக்கும்?"

"யூனிட்டில் கேளுங்கள்."

"கேட்டோம் சார். பழைய காகிதம் எல்லாம் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய்விட்டது என்று பதில் கொடுத்துவிட்டார்கள்."

"அப்படியென்றால் அதை எழுத்தில் வாங்கி அனுப்புங்கள்."

"அந்தக் கடிதத்தின் நகலைத்தான் மனுவோடு வைத்திருக்கிறோம்."

கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம். "அப்படி எதுவும் வரவில்லையே மேடம்."

வரவில்லையா? அவர்கள் அனுப்பிய பதிலிலேயே, 'பார்வை' என்று மேலே போட்டிருக்கும் இடத்தில், அந்த யூனிட் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். அதை வாசித்துக் காட்டினேன். "லைனில் இருங்கள்" என்றார். இருந்தேன். பின்னால் யாரோ யாருக்கோ டீ சொல்லும் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம். லீவு பாஸ் ஆகாததைப் பற்றி ஒருவர் நீளமாகப் புலம்பிக்கொண்டிருந்தார், அதையும் கேட்டேன். கடைசியில் வேறொரு குரல் வந்தது.

"சர்வீஸ் நம்பர் சொல்லுங்கள்."

மறுபடியும் நம்பர், பெயர், உறவு, லெட்டர். முதல் ஆளிடம் சொன்னதில் ஒரு சொல்கூட இவர் காதுக்குப் போகவில்லை. அட்டாச்மென்ட், அகர்தலா, இரண்டு யூனிட், எல்லாம் முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், அதற்கு நன்றி. கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்.

"டிஸ்சார்ஜ் ஆகும்போது புக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே மேடம், அப்போதே ஏன் சொல்லவில்லை?"

எட்டாவது வரை படித்த மனிதர். ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம். பதினேழு வருஷம் கழித்து வீட்டுக்குப் போகிற நாள், கையில் ரயில் வாரன்ட், வரிசையில் பின்னால் இருபது பேர். "இங்கே போடு, இங்கே போடு" என்று விரல் காட்டிய இடத்தில் எல்லாம் போட்டார். பதினேழு வருஷமாக அவருக்குப் பழக்கியதே அதுதானே? சொன்ன இடத்தில் நில், சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடு, எதிர்க் கேள்வி கேட்காதே என்று பழக்கிவிட்டு, இப்போது ஏன் கேட்கவில்லை என்றால் என்ன நியாயம்?

இதையும் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன். அதற்கு அவர் ஆறுதல் சொல்வது போல் ஒன்று சொன்னார். அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

"இந்த மெடலுக்குப் பணம் எதுவும் வராது மேடம். பென்ஷனில் ஒரு ரூபாய்கூட ஏறாது. எதற்கு இவ்வளவு அலைகிறீர்கள்?"

பணம் வராது என்று எங்களுக்குத் தெரியாதா? வீரதீர விருதுகளுக்கு மாதப் படி உண்டு, போர்முனையில் இருந்ததற்கான பதக்கத்துக்குக் கிடையாது. இது பட்டாளத்து வீட்டில் குழந்தைக்கும் தெரியும். பணம் வராது என்று தெரிந்தும் ஒரு மனிதர் கேட்கிறார் என்றால், அவர் கேட்பது என்ன என்று ஒரு நொடி யோசிக்க மாட்டீர்களா? நீ அங்கே இருந்தாய் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார். அந்தக் கரையில் கூடப் படுத்திருந்தவர்களில் திரும்பாதவர்களும் உண்டு. அந்த இடத்தில் நீ இருந்ததற்குப் பதிவே இல்லை என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதினால், அவர் இத்தனை வருஷம் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னது எல்லாம் பொய் என்று ஆகாதா?

2021-இல் அந்தப் போரின் ஐம்பதாவது ஆண்டு கொண்டாடினார்கள். டெல்லி தேசியப் போர் நினைவிடத்திலிருந்து வெற்றிச் சுடர் நாட்டின் பல ஊர்களுக்கும் போனது, 71-இல் சண்டைக்குப் போனவர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்தார்கள். எங்கள் பக்கத்தில் நடந்த விழாவுக்குப் பட்டியல் தயாரித்தவர்கள் டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். ஸ்டார் எங்கே என்று கேட்டார்கள். அப்பா வாயைத் திறந்து ஆஷுகஞ்ச் பாலத்தைச் சொன்னார். புக்கில் இல்லையே என்று பதில் வந்தது. மூன்று பதக்கத்தையும் பாலிஷ் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார். குத்திக்கொள்ளாமலே அலமாரியில் திரும்ப வைத்தார். அதற்குப் பிறகுதான் இந்த மனு எல்லாம். அதற்கு முன்னால் அவர் வாயிலிருந்து ஒரு குறை வந்ததில்லை.

ஆதாரமே இல்லாமலா கேட்கிறோம்? அம்மா பத்திரப்படுத்தி வைத்த இன்லேண்ட் கடிதங்கள் இருக்கின்றன. அனுப்புநர் முகவரியில் அட்டாச்மென்டில் இருந்த யூனிட்டின் பெயர், கீழே 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய எண். 99 என்றால் கிழக்கு, 56 என்றால் வடக்கும் மேற்கும். இது ராணுவத்தின் சொந்தத் தபால் ஏற்பாடு, நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. மேலே தபால் முத்திரை, அதில் தேதி. அந்த நகல்களையும் வைத்தோம். "தனிப்பட்ட கடிதங்களை ஆதாரமாக ஏற்க இயலாது." ஏன் இயலாது? முத்திரை குத்தியது யார்? அந்த யூனிட் அந்த மாதத்தில் எங்கே இருந்தது என்பது உங்களிடமே இருக்காதா? ஒரு கடிதத்தையும் ஒரு போர்க் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகுமா?

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருந்த ராணுவ ஆவணக் காப்பகம் 1973 ஜூலையில் தீப்பிடித்து எரிந்தது. 1.6 கோடிக்கும் அதிகமான கோப்புகள் சாம்பல். அதற்காக உங்களுக்குப் பதிவு இல்லை, போய் வாருங்கள் என்று அவர்கள் கதவைச் சாத்தவில்லை. சம்பளப் பட்டியல், படைப்பிரிவின் தினசரி அறிக்கை என்று வேறு இடங்களில் கிடைக்கும் காகிதங்களை வைத்து, அந்த ஆள் பணி செய்ததை மறுபடி நிறுவுகிறார்கள். விடுபட்ட பதக்கத்தைச் சேர்க்க, டிஸ்சார்ஜ் பத்திரத்தோடு இணைக்கும் திருத்தப் படிவமே தனியாக இருக்கிறது. அங்கேயும் தாமதம் இருக்கும், இழுத்தடிப்பு இருக்கும். ஆனால் தேடுகிற வேலை ஆபீசுடையது என்ற எண்ணம் இருக்கிறது. இங்கே நெருப்பும் பிடிக்கவில்லை, வெள்ளமும் வரவில்லை. ஒரு கிளார்க் ஒரு வரி எழுத மறந்தார், அவ்வளவுதான். அந்த ஒரு வரியை எழுத இன்று ஒருவருக்கும் மனம் இல்லை.

ஆர்.டி.ஐ.யும் போட்டோம். 10 ரூபாய் கட்டினோம், 30 நாளுக்குள் பதில் வந்தது. "தகவல் இல்லை." காலக்கெடுவை மட்டும் சரியாகக் காப்பாற்றினார்கள்.

தெரிந்த ஒருவர், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: கன்டோன்மென்ட் கடையில் எல்லாப் பதக்கமும் விலைக்குக் கிடைக்கும், ஒன்று வாங்கிக் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று. அப்பாவிடம் அதைச் சொன்னதற்கு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. நிஜப் பதக்கத்தில் நம்பரும் ராங்கும் பெயரும் வெட்டியிருக்கும். அவருக்கு வேண்டியது அந்த எழுத்து. நம் பேரில் இல்லாததை நெஞ்சில் குத்திக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட ஆளைப் பார்த்துத்தான் ஆதாரம் எங்கே என்று கேட்கிறீர்கள்.

அடுத்தது ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-இல் சட்டம் வந்தது, சென்னையிலும் ஓர் அமர்வு இருக்கிறது, போகலாம், வக்கீலும் பார்த்தாயிற்று. அப்பா மாட்டேன் என்கிறார். எனக்குச் சோறு போட்ட பட்டாளத்தின் மேல் நான் கேஸ் போட மாட்டேன் என்கிறார். இந்த விசுவாசத்தைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது. இவ்வளவு மதிப்பு வைத்திருக்கிற மனிதருக்கு நீங்கள் கொடுக்கிற மதிப்பு ஒரு முத்திரை அடித்த மறுப்புக் கடிதமா?

ஆகவே இன்னொரு மனு எழுதியிருக்கிறேன். இந்த முறை எண் கேட்டால் கொடுக்க என்னிடம் எண் இல்லை, நீங்களே தேடுங்கள், தேடியதற்கு என்னென்ன பதிவேடுகளைப் பார்த்தீர்கள் என்று பட்டியல் கொடுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டிருக்கிறேன். யூனிட் கடிதம் மறுபடியும் இணைப்பில். வரவில்லை என்று சொல்ல முடியாதபடி ஒவ்வொரு பக்கத்திலும் எண் போட்டு, மொத்தம் எத்தனை பக்கம் என்று முகப்பில் எழுதியாயிற்று. நீங்களும் இதே போல் செய்யுங்கள், இல்லாவிட்டால் இணைப்பு காணோம் என்பார்கள்.

இதைத் தபாலில் சேர்க்கலாம் என்று கிளம்பினால் வாசலைத் தாண்ட முடியவில்லை. பாதாளச் சாக்கடை என்று தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு ஆட்கள் போனவர்கள் போனவர்கள்தான். பள்ளத்தில் மழைத் தண்ணீர், அதன் மேல் கொசு, ஓரத்தில் மண் மேடு. பால்காரர் வண்டியை முனையில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார். எதிர்வீட்டுப் பாட்டி கோயிலுக்குப் போய் எத்தனை நாளாயிற்று. ராத்திரியில் விளக்கும் எரிவதில்லை, யாராவது விழுந்து காலை உடைத்துக்கொண்டால் அதற்கும் எந்த ஆர்டர் எண் கேட்பீர்கள்? மூடத்தான் முடியவில்லை என்றால் குறுக்கே ஒரு பலகையாவது போடுங்களய்யா!