எவ்வளவு கிலோமீட்டர் ஓடும் என்று கேட்காதீர்கள்

டயர் கடைக்குப் போனால் நாம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இது எவ்வளவு ஓடும்?" 2019இல் நானும் அதைத்தான் கேட்டேன். "அறுபதாயிரம் தாராளமாக ஓடும் சார், தேயவே தேயாது" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. தேயவே இல்லை. பிரச்சினையே அதுதான்.

20,000 கிலோமீட்டர் தாண்டியதும் காருக்குள் ஒரு சத்தம் குடியேறியது. 60 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய ரீங்காரம், 80இல் ஊளை, 100ஐத் தொட்டால் பின் சீட்டில் இருக்கும் அம்மாவிடம் கத்தித்தான் பேச வேண்டும். மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய்வருகிறோம். அம்மாவுக்கு 78 வயது, முதுகுத்தண்டில் வலி. சாலையில் ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொன்றும் அவர் முதுகில்தான் முடியும். "மலைக்கோட்டை எக்ஸ்பிரஸிலேயே போயிருக்கலாம்டா, அதுகூட இவ்வளவு சத்தம் போடாது" என்று ஒருநாள் சொல்லிவிட்டார்.

டயரைப் பார்த்தால் பட்டன் அப்படியே இருந்தது. (டயரின் மேல் கட்டை கட்டையாக இருக்கும் ரப்பரைக் கடைக்காரர்கள் பட்டன் என்றுதான் சொல்கிறார்கள்.) பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும், ரப்பர் 1.6 மி.மீ. ஆழத்துக்குத் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். என் டயர் அந்த மேட்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. எங்கள் வீட்டில் தேயாத பொருளைத் தூக்கிப்போடும் பழக்கம் கிடையாது. ஆகவே சத்தத்துக்கு வேறு காரணம் தேடினேன்.

மெக்கானிக் ஒருவர் சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங் என்றார். மாற்றினோம். பணம் போனது, சத்தம் போகவில்லை. அந்தச் செலவைத் தவிர்க்க எனக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலியான சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். கார் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் ஊளை ஏறி இறங்கினால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். சாலைக்குச் சாலை சத்தம் மாறினால் அது டயர். திருச்சி சாலையில் இதைச் சோதிக்கத் தனி முயற்சியே வேண்டாம். சுங்கச்சாவடியை நெருங்கும்போது தார் முடிந்து கான்கிரீட் தொடங்கும். என் காரின் ராகம் அந்தக் கோட்டில் சட்டென்று மாறும். விக்கிரவாண்டியில் மாறியது, சமயபுரத்திலும் மாறியது. பேரிங்குக்கு எப்படித் தெரியும் கீழே தாரா கான்கிரீட்டா என்று? எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

கடைசியில் சாலையோரப் பஞ்சர் கடைக்காரர்தான் கண்டுபிடித்தார். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து முன்பக்கமாகத் தடவினார்; வழவழப்பு. பின்பக்கமாகத் தடவினார்; கை தடுக்கியது. "ரம்பம் மாதிரி இருக்கிறது பாருங்கள். டயரை முன்பின் மாற்றிப் போடுவதே இல்லையா?" என்று கேட்டார். இல்லை. ஒருமுறைகூட இல்லை. 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றினால் பட்டன் சீராகத் தேயும். செய்யாவிட்டால் ஒவ்வொரு கட்டையும் ஒரு விளிம்பில் மட்டும் சரிந்து தேய்ந்து, ரம்பப் பல்லாக நின்று, சாலையை அறைந்துகொண்டே போகும். ஆக, அம்மாவின் புகாரில் பாதி டயரைச் சேர்ந்தது, பாதி என்னைச் சேர்ந்தது.

மீதிப் பாதிக்கு வருகிறேன். தேயாத டயரைத் தேடிப் பிடித்து வாங்கினேன் அல்லவா? எளிதில் தேயாத ரப்பர் பெரும்பாலும் கடினமான ரப்பர். வெயிலிலும் வயதிலும் அது இன்னும் இறுகும். இறுகிய ரப்பர் சாலையின் சொரசொரப்பை உள்வாங்காமல் ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் கடத்திவிடும். ஆயுளை நீட்ட நீட்டச் சொகுசு குறையும் என்பது நூறு விழுக்காடு பொருந்தும் விதி இல்லைதான். ரப்பர் கலவைகள் நிறையவே முன்னேறிவிட்டன. ஆனால் கடையில் அதிக ஆயுளை மட்டும் கேட்டு வாங்குபவர் எதைக் கொடுத்து அதை வாங்குகிறோம் என்று தெரியாமல்தான் வாங்குகிறார்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று தேடிப் படித்தேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் டயர் தொழிற்சாலைகள், எம்.ஆர்.எஃப். 1946இல் பலூன் செய்து தொடங்கியது இதே திருவொற்றியூரில். இப்படிப்பட்ட ஊரில் முப்பது வருடம் இருந்தும் டயர் என்றால் கறுப்பாக, வட்டமாக இருக்கும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பட்டன் சாலையில் அறைவது ஒரு சத்தம். பள்ளத்துக்குள் மாட்டிக்கொண்ட காற்று நசுங்கி வெளியே பீறிடுவது இன்னொன்று. டயருக்குள் அடைபட்ட காற்றும் மத்தளத்தின் உள்வெளிபோல 200 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும். பள்ளத்தில் இறங்கியதும் கேட்கும் அந்த 'டொம்' அதுதான். விலையுயர்ந்த சில மின்சார கார்களின் டயருக்குள் நுரைப் பட்டை ஒட்டி அனுப்புவது இதை அடக்கத்தான். எஞ்சின் சத்தம் இல்லாத காரில் டயர் சத்தம் ஒளிந்துகொள்ள இடமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பட்டன் கணக்கு. அடுத்த முறை ஒரு புது டயரைப் பார்த்தால் கட்டைகளை அளந்து பாருங்கள். எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. சின்னது, பெரியது, நடுத்தரம் என்று வேண்டுமென்றே கலைத்து அடுக்கியிருப்பார்கள். நூறு பேர் ஒரே தாளத்தில் கும்மியடித்தால் அடுத்த தெருவரைக்கும் கேட்கும். ஆளுக்கொரு நேரத்தில் கை தட்டினால் வெறும் சலசலப்பு. சத்தம் அதேதான், காதைத் துளைக்கும் ஊளையாகச் சேராமல் சிதறிவிடுகிறது.

இனி அளவு. என் காருக்கு வந்தது 195/55 ஆர்16. கடைசி 16 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். டயரின் அகலம் 195 மி.மீ.; அதில் 55 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது சுமார் 107 மி.மீ. சாலைக்கும் அம்மாவின் முதுகுக்கும் இடையில் இருக்கும் காற்று மெத்தை அவ்வளவுதான். அதே காரின் விலை குறைந்த மாடலுக்கு 185/65 ஆர்15 வருகிறது (பலேனோ போன்ற பல கார்களில் இப்படித்தான், மேல் மாடலுக்குப் பெரிய ரிம்). அதில் பக்கச்சுவர் 120 மி.மீ. மொத்த விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய 621 மி.மீ. என்பதால் ஸ்பீடோமீட்டர் குழம்பாது. எடை தாங்கும் குறியீடு பார்த்தால் சிறிய ரிம்முக்குரிய டயர்தான் ஒருபடி மேலே: பெரிய ரிம்மின் டயருக்கு 87, அதாவது ஒரு டயர் 545 கிலோ தாங்கும்; சிறியதற்கு 88, அதாவது 560 கிலோ. கூடுதல் காசு கொடுத்து மேல் மாடல் வாங்கியவனுக்கு மெல்லிய மெத்தை, சிக்கனமாக வாங்கியவனுக்குத் தடிமனான மெத்தை!

என் மகன் 17 அங்குல அலாய் போடச் சொன்னான். கணக்குப் போட்டுக் காட்டினேன்: 205/45 ஆர்17 என்றால் 92 மி.மீ. "பார்க்க நன்றாக இருக்கும் அப்பா" என்றான். பார்ப்பவர்கள் வெளியே நிற்கிறார்கள், உட்காருபவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்றேன். சிறிய ரிம் பிரேக்கில் இடிக்காது என்று சர்வீஸ் சென்டரில் உறுதி செய்துகொண்டு, அலாய் வீல்களை விற்றுவிட்டு 15 அங்குல இரும்பு ரிம்முக்கு இறங்கினேன். பின்னோக்கிப் போகும் ஒரே மனிதர் நான்தான் என்று வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கடையில் இம்முறை கேள்வியை மாற்றினேன். "இருப்பதில் சத்தம் குறைந்தது எது? முப்பத்தைந்தாயிரத்தில் தேய்ந்தாலும் பரவாயில்லை." கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து உள்ளே இருந்து மூன்று டயர் எடுத்துவந்தார். மிஷ்லின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் துரான்சா போலச் சொகுசுக்காகவே செய்யப்படும் வரிசைகள் நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. நம்மில் பலர் கேட்பதில்லை. சாதாரண டயரைவிட ஒன்றுக்கு 1,500 ரூபாய் அளவுக்குக் கூடியது. எந்த நிறுவனத்தை எடுத்தேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் கருத்துப் பெட்டி முழுக்க அதைப் பற்றிய சண்டையாகிவிடும்.

கடைக்காரர் முதலில் கொண்டுவந்த டயரில் 1223 என்று இருந்தது, 2023ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்தது 2024 ஐப்பசியில். திருப்பிக் கொடுத்து 3224 வாங்கினேன். இந்த நான்கு இலக்கத்தைப் பார்க்காமல் டயர் வாங்குவது தேதி பார்க்காமல் பால் பாக்கெட் வாங்குவது போல. நைட்ரஜன் நிரப்பட்டுமா என்றார். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே, போதும் என்றேன்.

ஐரோப்பாவில் டயரோடு தரும் லேபிளில் இருக்கும் டெசிபலை (சத்தத்தின் அளவை) வைத்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அது கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போகும்போது சாலையோரத்தில் மைக் வைத்து அளப்பது. வழியில் நிற்பவரின் காதுக்கான எண், உள்ளே இருப்பவரின் காதுக்கானது அல்ல. ஒப்பிட ஓரளவு உதவும், அவ்வளவுதான். இணைய விமர்சனங்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். மொட்டை டயரைக் கழற்றிவிட்டு அன்று மாலையே "வெண்ணெய் மாதிரி ஓடுகிறது" என்று எழுதுகிறார்கள். மொட்டை டயருக்குப் பிறகு எந்த டயரும் வெண்ணெய்தான். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவர் சொன்னால் கேட்கலாம்.

நான் 11,000 ஓட்டிவிட்டேன், அதனால் சொல்கிறேன். ஊளை போய்விட்டது. நூறில் போகும்போதும் பேச்சுக் குரலில் பேச முடிகிறது. பாலத்தின் இணைப்புகளில் முன்பு 'டக்' என்று விழுந்தது இப்போது 'தொப்' என்று விழுகிறது. இதில் டயருக்கு எவ்வளவு பங்கு, 13 மி.மீ. கூடுதல் பக்கச்சுவருக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரிக்க முடியாது, இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டேன். நட்டமும் உண்டு. வளைவுகளில் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காது. காற்று விஷயத்தில் இப்போது பிடிவாதக்காரனாகிவிட்டேன்: ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அளவுதான், அதுவும் டயர் சூடாகும் முன். பங்க்கில் பையன் எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி 38 அடிக்க வந்தால் கையைப் பிடித்துவிடுகிறேன். சொகுசுக்காகக் குறைத்து அடிப்பதும் இல்லை. அது டயரைச் சூடாக்கி ஆபத்தில் விடும். மழையில் பிடிமானம் குறைவு என்று தெரிந்த டயரை எவ்வளவு அமைதியாக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

போன மாதம் உளுந்தூர்பேட்டை தாண்டும்போது அம்மா, "ஏண்டா, ஏதோ கிணுகிணு என்று கேட்கிறதே, மறுபடியும் டயரா?" என்றார். ஓரங்கட்டித் தேடினேன். டாஷ்போர்டு பெட்டிக்குள் அவர் எப்போதோ வைத்த குங்குமச் சிமிழ், மூடி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஐந்து வருடமாக அங்கேதான் இருந்திருக்கிறது.