956-இன் பாய்லரைக் குறை சொல்வதற்கு முன்

சோவியத் டெஸ்ட்ராயர் போர்க்கப்பல்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "956 வகையா? பாய்லர் சரியில்லாத கப்பல்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மாஸ்கிட் ஏவுகணை எட்டு, இரட்டைக் குழல் 130 மி.மீ. பீரங்கி இரண்டு என்று ஆயுதப் பட்டியலை மட்டும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை.

முதலில், 956-ஐ ஓட்ட நீராவி ஏன் வந்தது? 956-ஐக் கட்டிய அதே லெனின்கிராட் ஜ்தானோவ் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய 1155 வகைப் போர்க்கப்பல்களுக்குக் கேஸ் டர்பைன்தான், அதாவது நீராவி இல்லாமல் எரிபொருள் எரியும் சூடான வாயுவாலேயே சுழலும் இயந்திரம். ஆனால் கேஸ் டர்பைன் செய்துகொண்டிருந்த நிகோலாயெவ் ஆலையால் எல்லாக் கப்பல்களுக்கும் கொடுத்து மாளவில்லை. லெனின்கிராட் கீரோவ் ஆலையிலோ நீராவி டர்பைன் செய்யும் வசதி தயாராக இருந்தது. 956-க்கு நீராவி வந்து சேர்ந்தது இப்படித்தான்.

முதல் கப்பல்களில் இருந்த பாய்லரின் பெயர் கேவிஎன்-98/64. மணிக்கு 98 டன் நீராவி, 64 அட்மாஸ்பியர் அழுத்தம் என்பது பெயரிலேயே இருக்கிறது. கப்பலுக்கு நான்கு பாய்லர், மொத்தம் ஒரு லட்சம் குதிரைத்திறன். காற்றை அழுத்தி உள்ளே தள்ளி எரிப்பதால் பாய்லர் சிறிதாக அடங்கிவிடும். ஆனால் உள்ளே தண்ணீர் ஓடும் ட்யூபின் ஒவ்வொரு அங்குலமும் தாங்க வேண்டிய சூடு மிக அதிகம்.

இங்கேதான் தண்ணீர் விஷயம் வருகிறது. போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படியுமே, அதே படிவம் ட்யூபின் உள்சுவரில் மெல்லிய தோலாகப் படிந்தாலும் போதும். சூடு தண்ணீருக்குப் போகாமல் உலோகத்திலேயே தங்கும். ட்யூப் சிவந்து, புடைத்து, வெடிக்கும். நீராவியைக் கடல்நீரால் குளிர்வித்துத் திரும்பத் தண்ணீராக்கும் கண்டென்சரில் சின்னக் கசிவு வழியாகக் கடல்நீர் கலந்தாலும் கதை இதுதான். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் இன்னொரு பக்கம் குழிகுழியாக அரிக்கும். வெடித்த ட்யூபின் இரு முனைகளையும் அடைத்துவிட்டு ஓட்டலாம். அடைத்த ட்யூப்கள் கூடக் கூட நீராவி குறையும், வேகம் குறையும்.

துறைமுகத்திலாவது பாய்லருக்கு ஓய்வு கிடைத்ததா? அதற்குக் கரையிலிருந்து நீராவியும் மின்சாரமும் நல்ல ஊட்டுநீரும் (பாய்லருக்குள் விடும் சுத்தமான தண்ணீர்) வர வேண்டும். வடக்குக் கடற்படையிலும் பசிபிக் கடற்படையிலும் அந்த வசதி போதவில்லை. துறைமுகத்தில் சும்மா நின்ற கப்பலைச் சூடாக வைக்கவே பாய்லரை எரித்தார்கள். கடலுக்குப் போகாமலே அதன் ஆயுள் கரைந்தது. 1990-களில் பணமும் போய், அனுபவமுள்ள ஆட்களும் போனபின், நிறுத்திவைத்த பாய்லரை உலர்த்தியோ பதப்படுத்திய நீரால் நிரப்பியோ காப்பதுகூட ஒழுங்காக நடக்கவில்லை. சேவையில் சேர்ந்த 17 கப்பல்களில் பெரும்பாலானவை இருபது வருஷம்கூட ஒழுங்காக ஓடாமல் ஒதுங்கின. அதே காலத்து 1155 வகையில் வைஸ் அட்மிரல் குலகோவ் போன்றவை நாற்பது வயதைத் தாண்டியும் கடலில் இருந்தன. கேஸ் டர்பைனுக்கு ஊட்டுநீர் வேண்டாமே! நம் ஐஎன்எஸ் ராஜ்புத் நிகோலாயெவில் கட்டிய கேஸ் டர்பைன் கப்பல். 1980 முதல் 2021 வரை ஓடியது.

அப்படியானால் வடிவமைப்பில் குறையே இல்லையா? இருக்கிறது. கரை வசதி இல்லாத கடற்படைக்கு இவ்வளவு நுணுக்கமான பாய்லரைக் கொடுத்தது தவறு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இயந்திரம் ஓடவே ஓடாது என்பவர்கள் சீனாவைப் பார்க்கட்டும். 1999 முதல் 2006 வரை இதே வகையில் நான்கு கப்பல்களை வாங்கினார்கள். முதல் இரண்டும் சோவியத் கடற்படைக்கென்று தொடங்கிப் பாதியில் நின்றவை. அதே நீராவி இயந்திரத்தோடு பல வருஷம் ஓட்டி, பிறகு அவற்றில் ஒன்றான ஹாங்சோவைப் பழுதுபார்க்கும் தளத்தில் ஏற்றி, மாஸ்கிட்டைக் கழற்றிவிட்டுச் சொந்த ஏவுகணையைப் பொருத்தித் திரும்பக் கடலுக்கு அனுப்பினார்கள்.