தேதியை நான் சொல்லப் போவதில்லை

போன வாரம் நீலகிரியில் எடுத்த ஒரேயொரு படத்தை இங்கே போட்டேன். புல்வெளி, பனிமூட்டம், ஓர் எருமையின் கொம்பு, அவ்வளவுதான். அதற்குள் பன்னிரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள்: என்ன திருவிழா, அடுத்த வருடம் எப்போது, வெளியாட்களை விடுவார்களா, தங்க அறை கிடைக்குமா? எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்: சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

நான் ராமநாதபுரம் கடற்கரையில் வாலிநோக்கம் பக்கத்துக்காரி. அப்பா முப்பது வருடம் உப்பளத்தில் பாத்தி மிதித்தவர். அம்மா உப்புக் கூடை சுமந்தவர். கல்லூரி விடுதியில் எனக்கு அறைத்தோழியாக வாய்த்தவள் நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண். எருமைகளுக்கு உப்புக் கொடுப்பதையே தங்கள் மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், விழாவாகச் செய்வார்கள் என்று அவள் சொன்னபோது சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் உப்பு என்றால் பாதத்தில் வெடிப்பு, கண்ணெரிச்சல், மழை விழுந்துவிட்டால் வேலை இல்லாத மாதங்கள். அதற்கா விழா?

பத்து வருடம் கழித்து இந்த முறைதான் அவள் அழைப்பை ஏற்றுப் போக முடிந்தது. கிளம்பும்போது அப்பா ஐந்து கிலோ கல்லுப்பைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்தார். விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதாம். சாயல்குடியில் ஏறி மதுரை, கோவை, மேட்டுப்பாளையம் என்று பஸ் மாறி மாறிப் போனேன். கடற்கரையில் கலகலவென்று இருந்த உப்பு, 2,200 மீட்டர் உயரத்து ஊட்டிப் பனியில் ஈரம் கோத்து என் மடியை நனைத்துவிட்டது.

2011 கணக்கெடுப்பில் தோடர்கள் சுமார் இரண்டாயிரம் பேர்தான். எங்கள் பக்கத்தில் ஒரு நடுத்தரக் கிராமத்திலேயே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். அவர்களுடைய கோயில் பால் கறந்து, தயிராக்கி, வெண்ணெய் எடுக்கும் இடமும்கூட. பூசாரிக்கு அதுவே வேலை. எருமைதான் அவர்களுக்கு எல்லாம். ஒரு காலத்தில் பாலும் நெய்யும் கொடுத்து, அதே மலையில் வாழும் படுகர்களிடம் தானியமும் கோத்தர்களிடம் இரும்புச் சாமானும் மண்பானையும் பெற்றார்கள். ஆனால் மலையில் உப்பு விளையாது. ஓயாமல் மழை அலசும் மண்ணின் புல்லிலும் உப்புச்சத்து குறைவு. கீழேயிருந்து அரும்பாடுபட்டு வந்து சேர்ந்த பொருளுக்குச் சடங்கு வைத்திருக்கிறார்கள். காலில் மிதிபடும் பொருளாகவே உப்பைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

மந்துக்குள் நுழைந்ததும் தோழி தன் தாத்தா முன் குனிந்தாள். அவர் வலது காலைத் தூக்கி அவள் தலையில் வைத்து ஆசி கொடுத்தார். பிறகு என் பையைப் பிரித்துப் பார்த்து, "பொடி உப்பு இல்லையே?" என்றார். இல்லை என்றேன். சடங்குக்கான உப்பு ஏற்கெனவே தயாராக இருக்கிறது, இது வீட்டு எருமைகளுக்கு என்று ஓரமாக வைத்துவிட்டார். எனக்குச் சின்ன ஏமாற்றம்தான். மறைப்பானேன்?

குழி தோண்டி, நீர் விட்டு, உப்பைக் கரைத்து எருமைகளைக் குடிக்க விடுவதை ஆண்கள்தான் செய்கிறார்கள். பெண்கள் எல்லோரும் தள்ளி நின்றோம். பெண்களை ஒதுக்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. என் ஊர்க் கோயிலாக இருந்தால் சண்டை போடுவேன், போட்டும் இருக்கிறேன். அங்கே நான் விருந்தாளி. அந்தச் சண்டையைப் போடுவதா வேண்டாமா என்பது என் தோழியின் பாடு.

அப்போதுதான் எங்கிருந்தோ இரண்டு இளைஞர்கள் வந்து ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். அந்த எருமைகள் நம் ஊர்த் தொழுவத்து எருமைகளைப் போலச் சாதுவானவை அல்ல. இரைச்சல் கேட்டதும் தலையைத் தூக்கின, பிறை போன்ற கொம்புகள் திரும்பின, நான்கு எருமைகள் குழியை விட்டுச் சிதறி ஓடின. ஆண்கள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். அந்த இருவரும் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து 'யாரும் பார்த்திராத மர்மத் திருவிழா' என்று காணொளி வந்தது. அத்தனை பேர் நேரில் நின்ற இடத்தில் என்ன மர்மம்?

இந்த வகையறாவை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அளத்துக்கும் வருவார்கள். கல்யாண ஜோடியை உப்பு அம்பாரத்தின் மேல் ஏற்றிப் படம் எடுப்பார்கள். ஏறிய இடம் சரிந்தால் மறுபடி அள்ளிப் போடுவது அம்மாவைப் போன்றவர்கள். ஒருமுறை கூடையோடு நின்ற அம்மாவையே கேட்காமல் எடுத்தார்கள். அந்தப் படம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

அதனால்தான் சொல்ல மறுக்கிறேன். அழைக்க ஒரு வீடு இருந்தால் தேதி தானாக உங்களிடம் வந்துவிடும். இல்லாமல் போய் நிற்பதற்கு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது என்றுதான் பெயர். என் படத்தையும் தோழி சொன்ன பிறகுதான் எடுத்தேன். ஆனாலும் உங்கள் கேள்விகளைப் பார்த்தபின், போடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. தோடர்களிடம் அவ்வளவு ஈடுபாடு இருந்தால் அந்தப் பெண்கள் கையால் எம்பிராய்டரி செய்யும் பூத்துக்குளிப் போர்வையை வாங்குங்கள். அந்த எம்பிராய்டரி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

ஊர் திரும்பியதும் அப்பாவிடம் குளிர், கோயில், ட்ரோன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். எதையும் அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"நம் உப்பை எருமை குடித்ததா?" என்றார்.

மறுநாள் காலையில் வீட்டு எருமைக்குக் கரைத்து வைத்தார்கள், குடித்தது என்றேன்.

"மிச்சம் வைத்ததா?"

இல்லை என்றதும் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.